ஏழாம் ரகம்

பாலிக் பூலாவ் சரிவில்
ஜாதிக்காய் மரங்களுக்கும் மேலே
அரை ஏக்கர் மரவள்ளி.
பன்னிரண்டு ரகம், மும்மூன்று பாத்தி.
எது எங்கே என்பதைச்
சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தோம்.
ஆராய்ச்சியில் ஓரவஞ்சனை ஆகாது.

பத்து மாதம் போனது.
அறுவடைக்கு ஆறு நாள் இருக்கையில்
விடிந்ததும் விடியாததுமாய் பாஹரின் அழைத்தார்.
அந்தப் பெயரைச் சொல்லாமல்
"ராத்திரி வந்துட்டுப் போயிருக்கு, டாக்டர்" என்றார்.

முப்பத்தாறு பாத்தியில் மூன்றுதான்
குடல் சரிந்து கிடந்தன.
மேட்டில் ஒன்று, ஓடையோரம் ஒன்று,
டுரியான் மரத்தடியில் ஒன்று.
நெம்பிக் கிடந்த அடையாளக் குச்சிகளைத்
துடைத்துப் பார்த்தேன்.
ஏழு. ஏழு. ஏழு.

சீட்டுக் குலுக்கிய தாள் என் மேசையறையில், பூட்டுக்குள்.
அவற்றிடம் நகல் இல்லை.
ஆனாலும் ஏழைத் தவிர
ஆறிலோ எட்டிலோ ஒரு மூக்குக்கூட நுழையவில்லை.

ஏழுக்காக நான்கு வருடம்.
கிழங்கை அரைத்துக் குப்பியில் இட்டு
மேலே மஞ்சள் தாள் தொங்கவிட்டு
மூடி வைப்போம் ஓர் இரவு.
காலையில் தாள் செங்கல் நிறமானால்
நஞ்சு மிகுதி.
ஆரஞ்சு என்றால் பெருமூச்சு.
மஞ்சள் மஞ்சளாகவே இருந்த ஒரு வெள்ளிக்கிழமை
சியூ லானும் நானும்
ஆளுக்கு இரண்டு தே தாரேக் குடித்தோம்.

பிறகு ருசிக்குழு. பதினெட்டுப் பேர்.
முகம் தெரியாத சிவப்பு வெளிச்சம்,
அவித்த துண்டு, மூன்றிலக்க எண்,
இடையிடையே கொப்பளிக்க வெந்நீர்.
ஒன்பதுக்கு ஆறு புள்ளி எட்டு.
கணக்குப் பிரிவு நாகரத்தினம் மட்டும்
கருத்து என்ற கட்டத்தில்
"உப்பு இல்லை" என்று எழுதியிருந்தார்.

பன்றிகள் படிவம் நிரப்பவில்லை.
தோலைக்கூட விட்டுவைக்கவில்லை.

சத்தம் கேட்டுக் கீழ்த் தோட்டத்து தியோ ஏறி வந்தார்.
கிளறிய குழிகளை அவர் பார்க்கவே இல்லை.
நேரே பதினொன்றின் முன் போய் நின்றார்.
ஆளுயரத்துக்கும் மேலே, சிவந்த காம்பு,
இலை அசைவில் ஒரு திமிர்.
"இதுல குச்சி குடு."

"கசக்கும். விஷம்.
ராத்திரி பத்து மணிக்கே தாள் செங்கல் ஆகிவிடும்."

"தெரியும்.
சீவுவேன், ஊறவைப்பேன், பிழிவேன், காயவைப்பேன்.
எனக்குக் கை இருக்கு.
அதுங்களுக்கு இல்லை."

பதில் வரவில்லை எனக்கு.
காலணியில் ஒட்டிய சேற்றைக்
கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
கிழங்கு தனக்குள்ளே கட்டிக்கொண்ட வேலியை
நான்கு வருடமாய்
ஒவ்வொரு முள்ளாய்ப் பிடுங்கியிருக்கிறேன்,
விருதுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன்.
வெளியே கம்பி கட்டக் காசில்லாத ஒருவர்
அந்த வேலியின் விதைக்குச்சி கேட்டு நிற்கிறார்.

ஆய்வகம் திரும்பி
அட்டவணையைத் திறந்தேன்.
எடை இல்லாத இடத்தில் புள்ளி வைக்க வேண்டும்,
அது கணினியின் விதி.
மூன்று கட்டம், மூன்று புள்ளி.
உயிரை எடுத்துவிட்டு
மெய்யை நிறுத்த நாம்
எழுத்தின் தலையில் வைப்போமே, அந்தப் புள்ளி.
நெடுநேரம் அதையே பார்த்திருந்தேன்.

மாலை மேலிடத்து மின்னஞ்சல்:
"விடுபட்ட தரவு. ஏழை நீக்கிவிட்டு
மீதியைக் கணக்கிடவும்."
அந்த ருசித் தேர்வில்
தெளிவாய்ச் சொல்லப்பட்ட ஒரே முடிவு
அதுதான் என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சனிக்கிழமை நானே போனேன்.
ரகம் பதினொன்றில் இருபது குச்சி,
முழங்கை நீளம், கணு சிதையாமல் சாய்வாய் வெட்டி
ரஃபியா கயிற்றில் கட்டினேன்.
தியோவின் மோட்டார் சைக்கிள்
வளைவில் இறங்கும் வரை
பாஹரின் எதிர்த்திசையில்
மேகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன்:
ரகம் பதினொன்று. இருபது குச்சி. சேதம்.
காரணம்: பன்றி.